அண்ணன் சொன்னா சொன்னதுதான்

அண்ணன் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. மேக்கப்காரர் சொட்டு மருந்துப் பாட்டிலை மூடிக்கொண்டே, "போதுமாண்ணே?" என்றார்.

"இடது கண்ணுல இன்னும் ஒரு சொட்டு விடு. போன வாரம் ஒரு கண்ணுதான் அழுதுச்சுன்னு எவனோ எழுதியிருக்கான்."

இப்படி வாராவாரம் அழுதுதான் அவர் ஊருக்கே அண்ணன் ஆனார். புருஷன் பெண்டாட்டி சண்டையை டிவியில் விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது அவர் பிழைப்பு. அதற்கு முன்னால் துணி சோப்பு விளம்பரத்தில் அழுக்குச் சட்டையோடு நின்ற ஆள்தான். இன்றைக்கு அவர் வாயசைத்தால் நிச்சயமான கல்யாணம்கூட நின்றுபோகிறது. டிவி பெட்டிக்குள் போய் உட்கார்ந்தவனுக்கு அறிவு தானாக வந்துவிடும் என்று ஜனங்களுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. ரசிகைகள் மனசு கோணிவிடும் என்று தன் குடும்பத்தை மட்டும் அவர் வெளியே காட்டியதே இல்லை.

நேரடி ஒளிபரப்பு. விளக்கு எரிந்ததும் அரங்கத்தில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்று, "அண்ணன் சொன்னா சொன்னதுதான்" என்று கோஷம் போட்டார்கள். முன்வரிசையில் ஒரு அம்மாள், அவர் குடித்துவிட்டு வைத்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கைப்பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டாள்.

மேடை ஓரத்தில் ஒரு வெள்ளைத் திரை. பிராது கொண்டுவரும் பெண்கள் அதற்குப் பின்னால்தான் உட்காருவார்கள். நிழல் மட்டும் தெரியும், குரலையும் மிஷின் மாற்றிவிடும். பெண்களின் மானம் காக்க அண்ணன் செய்த ஏற்பாடு என்று பேர். நிழலைக் காட்டினால் ஜனம் சேனலை மாற்றாது என்பதுதான் விஷயம். வருகிறவள் யார், என்ன கதை என்று முன்கூட்டிக் கேட்டு வைத்துக்கொள்ளும் வழக்கமும் அவருக்குக் கிடையாது. "மனசும் மனசும் நேரடியாப் பேசணும்" என்பார். சோம்பேறித்தனத்துக்கு அப்படியும் ஒரு பேர் வைக்கலாம் போலிருக்கிறது.

"சொல்லும்மா தங்கச்சி. அண்ணன்கிட்ட என்ன தயக்கம்?"

"தயக்கம் ஒண்ணும் இல்லீங்க." தகர டப்பாவுக்குள் இருந்து வருவதுபோல் கரகரத்தது அந்தக் குரல்.

"அண்ணான்னு கூப்பிடும்மா."

"அப்படிக் கூப்பிட வாய் வரலீங்க."

பாவம், நம்மைப் பார்த்து மிரண்டுபோய்விட்டாள் என்று அண்ணன் உள்ளுக்குள் பூரித்தார். "பரவாயில்ல. வீட்டுக்காரரால என்ன தொல்லை? குடியா, அடியா?"

"ரெண்டும் இல்லீங்க. என்கூடப் பேசறதே இல்ல. வீட்டுல இருந்தா டிவி முன்னாலதான். நான் வாயைத் திறந்தா கையைக் காட்டி நிறுத்திடுவார்."

"அப்படி என்னத்தம்மா பாக்கறார்?"

"உங்க ப்ரோகிராம்தாங்க. போட்டதையே திரும்பத் திரும்பப் போட்டுப் பாப்பார்."

அரங்கம் கைதட்டியது. அண்ணன் நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார். "என்னைப் பாத்துமா அந்த மனுஷன் திருந்தல?"

"இல்லீங்க. பொண்ணுக்கு ஆபரேஷன் நடந்தப்ப ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஜன்னல் கண்ணாடியில தலையைச் சீவிக்கிட்டார், கிளம்பிட்டார். கண்ணு முழிச்சதும் அவ கேட்டது அப்பாவைத்தான். அன்னைக்கே நான் முடிவு பண்ணியிருக்கணும். அவரைக் குத்தம் சொன்னா ஊரு என்னைத்தான் ஏசும்னு பயந்துக்கிட்டே இருந்துட்டேன். நீங்க சொன்னா ஊரு கேக்கும். நான் அவரோட இருக்கவா, பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போயிடவா? அதை மட்டும் சொல்லுங்க."

"சீ, அவனெல்லாம் ஒரு தகப்பனா" என்றார் அண்ணன். எதிரே இருந்த மானிட்டரில், நெற்றியில் ஒரு முடி விழுந்திருப்பது தெரிந்தது. அதை நாசூக்காக ஒதுக்கிவிட்டுக்கொண்டார். "க்ளோஸப் போறோம், அழுங்கண்ணே" என்று டைரக்டர் காதுக்குள் சொன்னார். அண்ணன் இமைத்தார். இந்தத் தடவை இரண்டு கண்ணும் ஒழுங்காக அழுதன.

"தங்கச்சி, அந்த ஆளோட இனிமே ஒரு நாள்கூட இருக்காதே. பொண்ணைக் கூட்டிக்கிட்டு இன்னைக்கே கிளம்பு. ஏன்னு எவனாவது கேட்டா, அண்ணன் சொன்னார்னு சொல்லு."

"அப்புறம் பேச்சு மாற மாட்டீங்களே?"

அண்ணன் சிரித்துக்கொண்டே அரங்கத்தின் பக்கம் திரும்பினார். "நான் சொன்னா?"

"சொன்னதுதான்" என்றது அரங்கம் ஒரே குரலில்.

அதோடு வாயை மூடியிருக்கலாம். கைதட்டல் காதில் விழுந்துவிட்டால் அவருக்கு நாக்கு நிற்காது. "போக்கிடம் இல்லையேன்னு கலங்காதேம்மா. இந்த அண்ணன் வீட்டுக் கதவு உனக்கு எப்பவும் திறந்திருக்கும்."

நிழல் எழுந்தது. மைக்கைக் கழற்றி வைத்துவிட்டு, திரையை விலக்கிக்கொண்டு அவள் வெளியே வந்தாள். இதுவரை எந்தப் பெண்ணும் அப்படி வந்ததில்லை என்பதால் கேமராக்காரர் அவளை விடாமல் பிடித்துக்கொண்டார். அவள் முகத்தைப் பார்த்ததும், கும்பிட எழுந்த அண்ணனின் கை பாதி வழியில் அப்படியே நின்றது.

அவள் நேரே வந்து ஒரு சாவிக்கொத்தை அவர் மேஜைமேல் வைத்தாள். சொந்தக் குரலில், நிதானமாகத்தான் பேசினாள். அவர் சட்டையில் குத்தியிருந்த மைக், அதை ஒரு எழுத்து விடாமல் நாடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

"அந்தக் கதவைப் பூட்டிட்டுத்தாங்க வந்திருக்கேன்."