ராஜாவின் கழுத்தில் குதிரைவால்

கொத்தனார் இரண்டு டைல்களை இடம் மாற்றி ஒட்டிவிட்டார்.

ஸ்பெயினில் ஒரு பெரிய சதுக்கம். அதைச் சுற்றி வளைத்து ஒரு கட்டடம். பார்த்தால் ஐந்நூறு வருஷத்து அரண்மனை என்பீர்கள்; பழசு மாதிரி புதுசாகக் கட்டியது. அதன் சுவரில் வண்ண டைல்களை அடுக்கி, குதிரைமேல் போகும் ராஜா ஒருவரின் படம். பழுது பார்க்கக் கழற்றித் திரும்ப ஒட்டியதில் ராஜாவின் முகம் குதிரையின் பின்பக்கம் போய்விட்டது. குதிரையின் வால் ராஜாவின் கழுத்துக்கு வந்துவிட்டது. கொத்தனார் சாப்பிடப் போய்விட்டார்.

"இறங்குடா, அது என் இடம்!" என்று கத்தியது முகம். "சாந்து காய்ந்தால் உடைத்துத்தான் எடுக்கணும்!"

"சும்மா கத்தாதே. கிரீடம் இப்போ என்மேல இருக்கு, பார்த்துக்கோ" என்றது வால்.

முகம், வாள் பிடித்த கையிடம் முறையிட்டது.

"கிரீடத்துக்குக் கீழே யார் இருக்காங்களோ, அவங்க சொல்றதைத்தான் நான் கேட்பேன். கோவிச்சுக்காதீங்க" என்றது கை.

சாந்து காய்ந்துகொண்டே வந்தது.

சுற்றுலாக்காரர்களோடு ஒரு சாரட்டு வந்தது. அதை இழுத்து வந்த கிழட்டுக் குதிரை படத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"நிற்காதே, போ! ராஜா உத்தரவு!" என்றது வால்.

"எனக்கும் பின்னால ஒண்ணு தொங்குது. ஈ ஓட்டும். அது சொல்லி நான் ஒரு நாளும் நடந்ததில்லை" என்றது குதிரை.

சாட்டைக்கும் அது அசையவில்லை. வண்டிக்காரர் இறங்கி, அது பார்த்த பக்கம் தானும் பார்த்தார். வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுக் கொத்தனாரைக் கூவி அழைத்தார். சாந்தில் இன்னும் கொஞ்சம் ஈரம் இருந்தது.

ராஜாவுக்குத் தலையை வாங்கிக் கொடுத்தது அந்தக் குதிரைதான். பெயர் கனேலா.