வாய் பதினாறு

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. இருந்தால் என் மீசையை எடுத்துவிடுகிறேன்.

சர்வர் என்கிற பெரிய கம்ப்யூட்டர் பெட்டி ஒன்றுக்குள் நெட்டை ஸ்லாட் ஒன்று இருந்தது. கார்டு செருகுகிற அதன் வாய், டேட்டா ஓடப் பதினாறு வழி கொள்கிற நீளம். உள்ளே டேட்டா ஓடியதோ நாலே வழியில். அன்றைக்குள் எந்தக் கார்டும் வந்து உட்காராவிட்டால் தகரம் வைத்து மூடிவிடுவார்கள் என்று அது தவித்துக்கொண்டிருந்தது.

வேகமான நெட்வொர்க் கார்டு ஒன்று வந்தது. "அண்ணே, உங்களுக்கு எத்தனை வழி?"

"பதினாறு, தம்பி. பார்த்தாலே தெரியலையா?"

உட்கார்ந்ததும் கார்டு திணறியது. "என்னண்ணே இது, நாலுதானே ஓடுது?"

"நான் நீளத்தைச் சொன்னேன்" என்று எரிந்து விழுந்தது நெட்டை. கார்டு எழுந்து போய்விட்டது.

"அடுத்து வர்றவன்கிட்டயாவது நாலுன்னு சொல்லித் தொலையேன்" என்றது பக்கத்தில் இருந்த நாலு வழிக் குட்டி ஸ்லாட்.

"உன் வேலையைப் பாரு." நெட்டைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தக் கார்டுகளுக்கு என்னதான் வேண்டுமாம்?

அடுத்து ஒரு சாதாரணக் கார்டு வந்து தயங்கி நின்றது. "எனக்கு நாலு வழி போதும்ணே. உங்களுக்கு எத்தனை?"

"பதினாறு."

"அம்மாடி, அவ்வளவு பெரிய இடமெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது" என்று அது குட்டியிடம் போய் உட்கார்ந்துகொண்டது.

கடைசியில் தகரம் வந்தது. நெட்டை முந்திக்கொண்டு, "நான் பதினாறு" என்றது.

"எத்தனையா இருந்தா எனக்கென்ன? நான் மூட வந்தவன்" என்றது தகரம்.

எத்தனை வழி என்று யாராவது கேட்பார்களா என்று தகரத்துக்குப் பின்னால் நெட்டை இன்னும் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருக்கிறது. நான் சொன்னதாக மட்டும் யாரிடமும் மூச்சு விட்டுவிடாதீர்கள்.