கட்டைவிரலின் கீழ்

மருந்துக்கடைக்காரர் நோட்டு மூட்டையைப் பிரிக்கவே இல்லை. தராசில் தூக்கி வைத்து, முள்ளைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

"காலைல வந்திருந்தா இதுல பாதி போதும்ணே. இப்போ இன்னொரு மூட்டை வேணும். என்னைய முறைச்சு என்ன பண்ண? நோட்டா அடிச்சுத் தள்றான் பாருங்க, அந்த மகராசனைப் போய்க் கேளுங்க!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மூட்டையைக் கொண்டுவந்தவர் மட்டும் மை படிந்த விரல்களைச் சட்டைப்பைக்குள் நுழைத்துக்கொண்டார்.

நோட்டு அச்சகத்தில் தகடு செதுக்குவது அவர் தொழில்.

காலையில் அரை மூட்டையோடு கிளம்பியவர்தாம். மனைவியின் மூச்சிரைப்புக்கு ஓர் ஊசி வாங்க அதுவே போதும். பாதி வழியில் அச்சகத்தின் ஆள் வந்து மறித்தான்: தகட்டில் இன்னொரு பூஜ்ஜியம் சேர்க்க வேண்டுமாம், கூலி இரட்டிப்பாம்.

ஓர் ஊசிக்கு இரண்டாக வாங்கிவிடலாமே என்று மனம் மயங்கிற்று.

பூஜ்ஜியம் முத்தெனத் திரண்டு வந்தது. கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றியது அவருக்கு. நண்பகலில் முதற்கட்டு நோட்டுகள் லாரி ஏறின. கூலியை வாங்கி மூட்டையில் திணித்துக்கொண்டு அவர் வெளிவருமுன், அவை கடைவீதியை எட்டிவிட்டன.

வீதியில் அரிசி ஒரு மணி கூடவில்லை. மருந்து ஒரு துளி கூடவில்லை. நோட்டு மட்டுமே கூடியிருந்தது.

வீட்டில், படுக்க மாட்டாமல் சுவரில் சாய்ந்திருந்த மனைவி அவர் கைகளைப் பார்த்தாள். மூட்டை மட்டுமே இருந்தது.

இருந்த இரண்டு தலையணையும் உயரம் போதவில்லை. அவர் மூட்டையை அவள் முதுகுக்குப் பின்னே அணைகொடுத்தார். விம்மிய தோள்கள் சற்றே இறங்கின.

மூட்டையின் வாயிலிருந்து ஒரு புது நோட்டு நழுவி அவள் மடியில் விழுந்தது. அதை எடுத்து விளக்கின் பக்கம் பிடித்தாள்.

"ஏங்க... அப்போ நான்... நல்லாத்தான் இருந்திருக்கேன், இல்ல?"

நோட்டுக்கு ஒரு திருமகளின் முகம் வேண்டுமென்று அச்சகம் கேட்ட ஆண்டில், அவர் இவளைத்தான் சன்னலோரம் அமர்த்தி வைத்துச் செதுக்கினார். 'ஊர் ஆம்பளைங்க சட்டைப்பையிலெல்லாம் நான்தான்' என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்க அன்று அவளுக்கு மூச்சிருந்தது.

நோட்டில், அவள் கன்னத்தை ஒட்டி, இன்று செதுக்கிய பூஜ்ஜியம் பளபளத்தது.

அதைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, அவள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.