க்யூவுக்கு ஓர் இடம்

கலீம் மறுபடியும் பாஸ் சொல்லிவிட்டான்.

அவனிடம் மிச்சம் இருப்பது ஒரே ஓர் எழுத்து. அதை வைக்க இடமும் இருக்கிறது. வைத்தால் ஜெயித்துவிடுவான். பிறகு ஏன் வைக்க மாட்டேன் என்கிறான்?

சத்திரம் பேருந்து நிலையத்தில் நின்றிருந்த காட்டூர் பஸ்ஸின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, சுராயா கைப்பேசியை முறைத்தாள். நேற்று அவன் தன் முறையை ஆடாமல் பாஸ் சொன்னபோது கை தவறியிருக்கும் என்று நினைத்தாள். தானும் ஓர் எழுத்தை வைத்துவிட்டு, முறையை அவனுக்கே திருப்பினாள். இன்றும் பாஸ் என்றால் கை தவறவில்லை.

அவனிடம் இருப்பது க்யூ. இதைக் கண்டுபிடிப்பது சுலபம். இந்த ஆங்கிலச் சொல் விளையாட்டில் மொத்தம் நூறு எழுத்துகள். எடுப்பதற்கு இனி எழுத்தே இல்லை என்று ஆன பிறகு, பலகையில் உள்ளதையும் தன் கையில் உள்ளதையும் கழித்தால், மிச்சம் எதிராளியுடையது. ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவளுக்கு இது ஒரு கணக்கா?

யூ கூட வராமல் க்யூ நகராது என்று பலரும் நினைக்கிறார்கள். நகரும். அப்படிப்பட்ட சொற்களை அவளே ஒரு நோட்டில் அர்த்தத்தோடு எழுதி, படம் பிடித்து, சவுதியில் தம்மாமில் இருக்கும் புருஷன் கலீமுக்கு அனுப்பியிருந்தாள். பக்கீர், கிப்லா, வக்ஃபு என்று அதில் நிறைய அரபுச் சொற்கள். க்யூ நம்ம வீட்டு எழுத்து என்று அவன்கூடச் சிரித்தான்.

இது வெறும் பொழுதுபோக்கும் இல்லை. நான்கு மாதமாக அவன் வா வா என்கிறான். அவள் வேலையை விட மாட்டேன் என்கிறாள். சண்டை அலுத்துப்போய், முடிவை ஆட்டத்திடம் விட்டார்கள். அவன் ஜெயித்தால் அவள் தம்மாம் போவாள். அவள் ஜெயித்தால், இன்னும் இரண்டு வருஷத்துக்கு அவன் அங்கே, அவள் இங்கே. பேச்சே எடுக்கக் கூடாது.

இப்போது அவள் எட்டுப் புள்ளி முன்னால் இருக்கிறாள். க்யூவுக்கு மட்டுமே பத்து.

முந்தாநாள் அவள் டி, ஏ, எல், ஏ என்று நான்கு எழுத்தில் 'தாளா' வைத்திருந்தாள். நம்முடைய தாளம்தான், ஆங்கில அகராதியில் ஏறிவிட்டது. அதன் வாலில் ஒரு கட்டம் காலி. க்யூ அதில் கச்சிதமாகப் பொருந்தும் என்பதை வைத்த பிறகுதான் கவனித்தாள். ஆடிப் பழகிய கண்ணுக்குச் சொல் என்றால் எழுத்தும் புள்ளியும்தான். அர்த்தம் மெதுவாகத்தான் வரும்.

கைப்பேசி மினுங்கியது. "விடு சுராயா, நீயே ஜெயிச்சுக்க."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு மாசமாகக் கெஞ்சியவனுக்கு, கதவு திறந்ததும் கால் எழவில்லையா? அப்படியானால் நான் வர வேண்டாமா?

பேசிப் பதிவு செய்து அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

"மச்சான், கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? தாளாவுக்குப் பின்னாடி ஒரு கட்டம் சும்மாதானே கெடக்கு? க்யூவை அதுல தூக்கி வைங்க. வெச்சா என்ன வரும்னா..."

பதிவை நிறுத்தினாள்.

நோட்டில் அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் அவள் அர்த்தம் எழுதவில்லை. தேவைப்படவில்லை.

போன தடவை திருச்சி விமான நிலையத்தில், அவசரத்தில் 'போறேன்' என்று சொல்லிவிட்டான். உள்ளே வரிசையில் நின்றவன் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து, கண்ணாடிக் கதவருகே 'போயிட்டு வரேன்' என்று திருத்திச் சொன்னான்.

அந்த ஆள், விளையாட்டுக்கு என்றாலும், பெண்டாட்டி முன்னால் எப்படி வைப்பான், தலாக் என்று?

பஸ் கிளம்பியது. அவள் பதிவை அழித்தாள்.

அவள் கையில் இரண்டு எழுத்துகள் இருந்தன: ஐ, வி. பலகை ஓரத்தில் மேலிருந்து கீழாக ஓடிய ஒரு சொல்லின் தலையில் டி நின்றது. அதன் வலப்பக்கம் ஐயை வைத்தாள். அவளுக்கு இரண்டு புள்ளி.

ஐக்கு மேலே உள்ள கட்டம் காலி. அதில் க்யூவை வைத்தால், க்யூவும் ஐயும் சேர்ந்து 'ச்சீ'. சீன மொழிச் சொல், அர்த்தம், உயிர்மூச்சு.

அதற்குப் பதினொரு புள்ளி. அவளுடைய முன்னிலை பத்து.