நாலாவது கியரில் இறங்கினாள்

பக்கத்து சீட்டில் இருந்த அவருடைய வலது கால் காரின் வெறும் தரையை மிதித்தது.

பிரேக் அவள் பக்கம் இருந்தது. அவள் இன்னும் மிதிக்கவில்லை.

கொண்டை ஊசி வளைவு நெருங்கியது. தடுப்புச் சுவரின் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் பெரிதாகிக்கொண்டே வந்தன.

கடைசியில் மிதித்தாள். கார் முன்பக்கம் தாழ்ந்து, முனகி, திரும்பியது.

"ரெண்டாவது கியர் போடு அம்மிணி," என்றார் நாச்சிமுத்து. "கொல்லிமலை எறக்கத்துல இப்படி பிரேக்கை மட்டும் நம்பி யாராச்சும் வருவாங்களா?"

"பழகிருச்சுங்க."

நாலாவது கியரிலேயே விட்டாள்.

மேலே கோயில் வாசலில் அவர் சிரித்துக்கொண்டுதான் அவள் காரில் ஏறினார். அவருடைய காரில் கிளட்ச் போய்விட்டதென்று டிரைவர் கையை விரித்திருந்தான். அப்படிச் சொல்லச் சொன்னவள் அவள்தான். அந்த டிரைவர் அவள் புருஷன் மாரப்பனின் கூட்டாளி.

ஏறி உட்கார்ந்ததும் நாச்சிமுத்து டேஷ்போர்டைத் தடவிப் பார்த்தார்.

"அட, இது நம்ம டிராவல்ஸ்ல ஓடுன வண்டியாச்சே!"

"ஆமாங்க. புரோக்கர் மூலமா வாங்குனனுங்க."

"ஏதாச்சும் வேலை பாத்தியா?"

"ஒண்ணுந் தொடலீங்க. நீங்க குடுத்த மாதிரியேதான் ஓட்டறனுங்க."

அப்போதே அவர் சிரிப்பு பாதியாகிவிட்டது.

அவரிடம் ஒரே மாதிரி இரண்டு கார்கள் இருந்தன. ஒன்றை ஓட்டியவன் மாரப்பன். இதே மலை, இதே இறக்கம். பள்ளத்தில் விழுந்து எரிந்தது.

வண்டியில் ஒரு குறையும் இல்லை, டிரைவர் குடித்திருந்தான் என்று நாச்சிமுத்து போலீசில் சொன்னார். எரிந்துபோன காரும் எரிந்துபோன மனிதனும் மறுத்துப் பேசவில்லை.

இன்னொரு காரை அவர் அவசரமாக விற்றார்.

மாரப்பன் வெற்றிலைகூடப் போடாதவன். ஆனாலும் ஊர் அவளைக் குடிகாரன் பெண்டாட்டி என்றது. குழாயடியில் சொன்னது. பள்ளிக்கூட வாசலில் சொன்னது. அவன் அம்மாவே ஒருநாள் சொன்னாள்.

பிணவறை வாசலில் நாச்சிமுத்து அவளைத் தாண்டித்தான் உள்ளே போனார். முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். விற்ற காரைத் தேடிப் பிடித்து வாங்கினாள். ரேஸ் கார்களுக்கு வேலை பார்க்கும் கோயம்புத்தூர் பட்டறை ஒன்றில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

சக்கரத்தைக் கழற்றிய மெக்கானிக், பிரேக் லைனிங்கை எடுத்துக் காட்டினான். விரல் பட்ட இடம் உதிர்ந்தது.

"இத வெச்சுக்கிட்டா மலை எறங்குனீங்க? சூடேறுச்சுன்னா எவ்வளவு மிதிச்சாலும் பிடிக்காதுங்க."

எல்லாவற்றையும் மாற்றச் சொன்னாள். பெரிய டிஸ்க். சூடு தாங்கும் பிரேக் பேட். எளிதில் கொதிக்காத பிரேக் ஆயில். அழுத்தத்தில் உப்பாத ஹோஸ்.

"ரேஸ் ஓட்டப் போறீங்களா?"

"இல்லீங்க. ஒருத்தரக் கூட்டிக்கிட்டு மலை எறங்கணும்."

பிறகு காலியான காரில் நாலாவது கியரில் இறங்கிப் பார்த்தாள். மறுபடி ஏறி மறுபடி இறங்கினாள். பெடல் காலடியில் கல்லாக நிற்கும்வரை விடவில்லை.

இப்போது அடுத்த வளைவு.

இன்னும் தாமதமாக மிதித்தாள். காருக்குள் கருகல் வாசனை ஏறியது. எந்தப் பேடும் இந்த மிதிக்கு வாசனை விடும். அது அவளுக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்தது வேறு.

அவர் கதவின் மேல் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கழுத்தெல்லாம் வியர்வை. கோயில் திருநீறு மூக்குவரை கரைந்து இறங்கியிருந்தது.

"நிறுத்து! கியரக் கொறம்மா! இந்த வண்டியில பிரேக் சூடேறுனா நிக்காது!"

"நல்ல வண்டின்னுதானுங்களே போலீஸ்ல சொன்னீங்க?"

அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். முதல் முறையாகப் பார்த்தார்.

வளைவு வந்தது. அவள் கால் அசையவில்லை.

"மட்டமான லைனிங்கும்மா! ரெண்டு வண்டிக்கும் அதான் போட்டேன்! மாரப்பன் மாத்தச் சொல்லிச் சண்டை போட்டான், நாந்தான் கேக்கல! அவன் குடிக்கல... அவன் குடிக்கவே இல்ல, நிறுத்து!"

மிதித்தாள்.

கார் நின்றது. தடுப்புச் சுவருக்கு ஒரு ஆள் நிற்கும் இடம் மிச்சமிருந்தது.

இதைக் கேட்கத்தான் இத்தனை நாள். கேட்டுவிட்டால் உள்ளே ஏதோ ஆறும் என்று நினைத்திருந்தாள். காத்திருந்தாள். வெளியே குரங்கு ஒன்று சுவர்மேல் ஏறி உட்கார்ந்து இருவரையும் பார்த்தது.

எதுவும் ஆறவில்லை.

அவர் கதவைத் திறந்து இறங்கினார். மண்ணில் உட்கார்ந்தார்.

"பிரேக் புதுசுங்க," என்றாள். "எல்லாம் மாத்திட்டேன். மலை பூரா மிதிச்சாலும் பிடிக்கும். ஏறுங்க."

அவர் சக்கரத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். ஏறவில்லை. எழுந்து, வேட்டியை இழுத்துக் கட்டி, இறக்கத்தில் நடக்கத் தொடங்கினார்.

அவள் முதல் கியர் போட்டாள்.

அவர் ஓரமாக ஒதுங்கினார். காரும் ஒதுங்கியது. அவர் நின்றார். கார் நின்றது. கீழிருந்து வந்த பஸ்ஸுக்குக் கை காட்டினார். மேலே போகிற பஸ். ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது.

மறுபடி நடந்தார். வேகமாக. முதுகுக்குப் பின்னால், தொடுகிற தூரத்தில், எஞ்சின் உறுமிக்கொண்டே வந்தது.

பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்று இப்போது அவருக்குத் தெரியும்.

அதை மிதிக்க வேண்டியவள் யார் என்றும்.

அடிவாரம் வெகு தூரம். அவளுக்கு அவசரமில்லை.