வேண்டாத சத்தம்

பூங்காவுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் காதில் ஒலி வடிகட்டி மாட்டியிருந்தார்கள். எந்தச் சத்தம் வேண்டாம் என்று சொல்கிறோமோ அது காதில் விழாது. சிலர் ஹாரனை வேண்டாம் என்றார்கள், சிலர் நாய்க் குரைப்பை. சுகந்தி சொன்னது தன் எட்டு வயது மகள் வெண்பாவின் குரலை. வெண்பாவுக்குப் பேச்சு வராது. சந்தோஷம் வந்தாலும் பசி வந்தாலும் ஓயாத கத்தல்தான்.

ஊஞ்சலில் மகளின் வாய் திறந்து திறந்து மூடியது. சுகந்தி சிரித்துக்கொண்டே கையசைத்தாள். குயில் ஒன்று கூவுவது மட்டும் கேட்டது.

நடைப்பயிற்சிக்கு வந்த பெண்மணி ஒருவர் அவளருகில் நின்றார். அவர் காதில் ஒன்றும் இல்லை.

"ஏனுங்க, புள்ளை அப்ப இருந்து கூப்புட்டுட்டே இருக்குது. போய்ப் பாருங்க."

"அவ கூப்புடலீங்க. பேச்சு வராதுங்க, சும்மா கத்துவா."

"என்னங்க இப்படிச் சொல்றீங்க? அம்மா, அம்மான்னு எவ்வளவு தெளிவாக் கூப்புடுது!"

சுகந்தி வடிகட்டியைப் பிடுங்கினாள்.

"அம்மா" என்றாள் வெண்பா.

"அட, இன்னிக்குத்தான் மொதல் தடவையாக் கூப்புடுதுங்களா?" அந்தப் பெண்மணிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

சுகந்தியால் தலை நிமிர முடியவில்லை. வீட்டிலும் அவள் அந்த வடிகட்டியைக் கழற்றுவதில்லை.