அடித்தண்டில் ஒரு பெயர்

"கையெழுத்து பொய்" என்று ஏலக்காரர் அறிவித்ததும் அறையில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் தேநீரைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

நகோயாவில், விலாங்குமீன் சுடும் கடை ஒன்றின் மாடியில், வாள் வியாபாரிகள் மட்டும் கூடுகிற ஏலம். பிடியைக் கழற்றிவிட்டு வெறும் வாளைக் கைக்குக் கை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பிடிக்குள் மறைந்திருக்கும் அடித்தண்டு துருவேறிக் கறுத்திருந்தது. அதில் உளியால் வெட்டியிருந்த பெயர் மோரியாசு. முந்நூறு வருடங்களுக்கு முன் வாழ்ந்த பெரிய கொல்லர்.

"பேரு நெஜமா இருந்தா இத வித்து வீடு வாங்கலாம்," என்றார் போட்டிக் கடைக்காரர் ஹிபினோ. "இப்ப இதால மீன்தான் வெட்டலாம். ஏம்ப்பா நகுமோ, ஒனக்கு இந்த மாதிரி சரக்குதானே பிடிக்கும்?"

நகுமோவும் வாள் வியாபாரிதான். போன வருடம் ஒரு பல் டாக்டருக்கு அவன் விற்ற வாள் போலி என்று தெரிந்து, நாலு பேர் பார்க்கத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து கடைப் பக்கம் ஆள் வருவதில்லை. வாள் பார்க்கத் தெரியாதவன் என்று ஆகிவிட்டது. இன்னும் ஒரு தடவை சறுக்கினால் மைத்துனனின் டயர் கடையில் போய் உட்கார வேண்டியதுதான்.

வாள் அவன் கைக்கு வந்தது. தலை வணங்கிவிட்டு, மூச்சுக் காற்று படாமல் வெளிச்சத்தில் ஏந்திப் பார்த்தான். கூர்விளிம்பில் ஓடிய வெள்ளை அலைக்கோட்டைப் பார்த்ததும் முதுகு சிலிர்த்தது. இரும்பு அற்புதம்.

அடித்தண்டைத் திருப்பினான். பெயரின் கடைசிக் கோடு நடுங்கி, கோணலாக இழுபட்டிருந்தது. புத்தகங்களில் அவன் மனப்பாடம் செய்து வைத்திருந்த மோரியாசு கையெழுத்துகள் எதிலும் அப்படி ஒரு கோடு இல்லை.

நல்ல வாள். எவனோ ஒரு நடுத்தரக் கொல்லன் உயிரைக் கொடுத்துச் செய்திருக்கிறான். இன்னொருவன் பேராசையில் பெரிய பெயரை வெட்டிக் கெடுத்திருக்கிறான். நகுமோ அப்படித்தான் முடிவு செய்தான்.

ஒன்பது லட்சம் யென் என்று கேட்டான். எதிர்த்துக் கேட்க ஆளில்லை.

"மீனுக்கு உப்புத் தடவ மறந்துடாத," என்றார் ஹிபினோ.

ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவி சிஸுரு அடித்தண்டை எட்டிப் பார்த்தாள்.

"பொய்யாப் பேரு போடறவன் பார்த்துப் பார்த்து அழகாப் போட மாட்டானா? இவன் என்ன, கூரியர்காரன் சீட்டுல நான் போடற மாதிரி கிறுக்கி வெச்சிருக்கான்."

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது. அந்த ஊறுகாய இப்படித் தள்ளு."

"எனக்குத் தெரியாதுதான். தெரிஞ்சவங்கதான் டயர் விக்கப் போறாங்க."

டோக்கியோவில் இருக்கும் ஆய்வுக் குழுவின் விதி எளிமையானது. பொய்ப் பெயர் இருந்தால், வாள் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் சான்று கிடையாது. பெயரே இல்லாவிட்டால், நிஜப் பெயரோடு இருப்பதன் விலை வராது; ஆனால் வாளை மட்டும் பார்த்து யார் வேலை என்று அவர்களே சொல்வார்கள். அதனால் பொய்ப் பெயரை ராவி எடுத்துவிட்டு அனுப்புவது தொழிலில் வழக்கம். ஒரு சுமாரான கொல்லரின் பெயரில் சான்று வந்தாலே போதும். போட்ட பணம் இரட்டிக்கும், வாள் பார்க்கத் தெரிந்தவன் என்ற மரியாதை திரும்ப வரும்.

மறுநாள் காலையில் துணியைச் சுற்றி வாளை மேசை இடுக்கியில் பொருத்தினான். அரத்தை எடுத்தான். கோணல் கோடுதான் முதலில் போயிற்று. பழைய துரு செந்தூளாகச் செய்தித்தாளில் உதிர்ந்தது. தாளை மடித்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவினான். ஒரு நல்ல வாளுக்கு நியாயம் செய்ததாகத் தோன்றியது.

குழு முடிவு சொல்லும் நாளில் ஹிபினோவும் தன் சரக்குக்காக டோக்கியோவுக்கு வந்திருந்தார். குழுவின் தலைவர் உசாமி, நகுமோவை மட்டும் உள்ளறைக்கு வரச் சொன்னார்.

"போ, போ," என்றார் ஹிபினோ. "அவரு யாரையும் டீ குடிக்க உள்ள கூப்பிட்டதில்ல."

நகுமோ சட்டையைச் சரிசெய்துகொண்டு போனான். உள்ளே, விரித்த துணியின் மேல் அவன் வாள் கிடந்தது. பக்கத்தில் பெரியவர் உசாமி.

"பயப்படாதீங்க. சான்று உண்டு."

நகுமோ நெற்றி பாயில் படும்படி குனிந்தான். ஹிபினோவின் முகம் எப்படிப் போகும் என்று குனிந்தபடியே நினைத்துக்கொண்டான்.

"எங்க குழுவுல சண்டை இல்லாம எதுவும் முடியாது," என்றார் உசாமி. "இதுக்கு மட்டும் ஒருத்தரும் வாதாடல. எடுத்துப் பார்த்த உடனே சொல்லிட்டாங்க."

"ரொம்ப நன்றிங்க ஐயா."

உசாமி அடித்தண்டின் மேல் விரலை வைத்தார். "இங்க புதுசா ராவியிருக்கே."

"நான்தாங்க ராவினேன். எவனோ பொய்ப் பேரு வெட்டி வெச்சிருந்தான். சுத்தம் பண்ணிட்டேன்."

"யாரு பேரு?"

"மோரியாசுன்னுங்க." நகுமோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதையும் ஒழுங்கா வெட்டத் தெரியல. வயசான ஆளு கை நடுங்கின மாதிரி ஒரு கோணல்."

உசாமி சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

"நாங்களும் சான்றுல அந்தப் பேரைத்தான் எழுதியிருக்கோம்."